இருபத்து மூன்று நாள் அப்பா

அந்தக் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தில் மொத்தம் நூற்றுப் பதினான்கு கட்டங்கள் இருந்தன. அவற்றில் நூற்றுப் பதின்மூன்றை அந்தப் பெண் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டாள். மிச்சமிருந்த ஒரு கட்டத்துக்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்தாள். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் அடியில், லிஃப்ட் குழிக்குள் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரின் தலைக்கு மேலே குனிந்து கேட்டாள்.

"நீங்கதானே லிஃப்ட் மெக்கானிக்?"

"எந்த மாடில நிக்குது?" என்றார் அவர், நிமிராமலே. இருபத்தைந்து வருஷத்தில் அவரைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மாடியில் நின்றுபோனவர்கள்தான்.

"லிஃப்ட் இல்லை. ஒரு கையெழுத்து வேணும்."

"சர்வீஸ் புக்கா? மேல ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க."

"சர்வீஸ் புக் இல்லை. நீங்க எனக்கு அப்பா. இந்தக் கட்டத்துல கையெழுத்து போடணும்."

லிஃப்ட்காரர் முதலில் செய்த காரியம், கை நீட்டி மெயின் சுவிட்சை அணைத்ததுதான். குழிக்குள் நிற்கும்போது எதிர்பாராதது எது நடந்தாலும் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பது தொழில் பழக்கம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அந்தப் பழக்கம் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். சந்தேகப்படத்தான் பார்த்தார், முடியவில்லை. அவள் முகத்தின் நடுவில் அவருடைய அக்காவின் மூக்கு அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, வேறொரு கட்டடத்தில், ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் டெலிஃபோன் ஆபரேட்டர் நாற்பது நிமிஷம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். அவள் பயப்படாமல் இருக்க வெளியே நின்றபடி அவர் பேச்சுக் கொடுத்தார். லிஃப்ட் சரியாகிவிட்டது; பேச்சு மட்டும் ஒரு வருஷம் நீண்டது. பிறகு அவளுக்கு மாற்றல் வந்தது. போன இடத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டாள்: 'ஒரு விஷயம் நேரில் சொல்லணும். சீக்கிரம் வாங்க.' கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும் என்று அவர் பயந்துபோனார். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி மூன்று மாதம் கழித்துப் போனார். வீடு பூட்டியிருந்தது. அப்புறம் தேடினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பக்கத்தில் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டதற்குத் தேடல் என்று பெயர் வைக்கலாமென்றால், தேடினார்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றார் குழிக்குள் இருந்தபடியே.

"இல்லை. ரெண்டு வருஷம் ஆச்சு. சிறுநீரகம்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "இப்போ பெரியம்மா வீட்டுல இருக்கேன். அம்மாவோட டெலிஃபோன் நோட்டுல 'ல' பக்கத்துல 'லிஃப்ட்'னு மட்டும் போட்டு உங்க கம்பெனி நம்பர் இருந்தது. நாங்க இருந்தது தரையோட தரையா ஒரு வீடு. எங்களுக்கு எதுக்கு லிஃப்ட் நம்பர்னு ஆஸ்பத்திரில ஒருநாள் கேட்டேன். சொன்னாங்க."

அவர் மேலே ஏறி வந்தார். கையைக் கழுவினார். அவள் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கழுவச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. வேற எதுவும் வேண்டாம். போட்டதும் போயிடுவேன்."

"கட்டத்தைக் காலியா விட்டா வாங்க மாட்டாங்களா?"

"கேட்டுப் பாத்துட்டேன். அப்பா இறந்துட்டார்னா சான்றிதழ் கொண்டா, இருக்கார்னா ஆளைக் கொண்டாங்கறாங்க. ரெண்டும் இல்லாத அப்பாவுக்கு அவங்ககிட்ட கட்டம் இல்லையாம்."

அவர் கையெழுத்துப் போட்டார். சர்வீஸ் புக்கில் போடுகிற அதே கையெழுத்து. பழக்கதோஷத்தில் அதன் கீழே 'சோதித்தேன், சரியாக இயங்குகிறது' என்று எழுதப் போனவரை அவள் தடுத்துவிட்டாள்.

கையெழுத்து போதவில்லை. தந்தை நேரில் வர வேண்டும் என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது. அவர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

கல்லூரி பெரிய கட்டடம். சேர்க்கை அலுவலகம் நான்காவது மாடியில். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. பெற்றோர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தார். பழுது ஒன்றுமில்லை, யாரோ சுவிட்சை அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். போட்டுவிட்டார். லிஃப்ட் வெண்ணெய் மாதிரி மேலே போனது. பெரியவரை ஏற்றிக்கொண்டு அவர்களும் போனார்கள்.

நான்காவது மாடியில் கதவு திறந்ததும் கவுண்டரில் இருந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"யார் அதை ஓட விட்டது?"

"நான்தாங்க. ஒண்ணுமில்லை, சுவிட்ச் ஆஃப்ல இருந்தது."

"ஆஃப்ல இருக்கணும்னுதான் ஆஃப்ல இருந்தது. மூச்சு வாங்க ஏறி வரவங்களுக்குத்தான் உண்மையான ஆர்வம் இருக்குன்னு நிர்வாகம் ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கு. நீங்கபாட்டுக்கு எல்லாரையும் மூச்சு வாங்காம அனுப்பினா, நாங்க எப்படிங்க தரம் பிரிக்கறது?" என்று ஒரு தாளில் 'சேர்க்கை நடைமுறையில் குறுக்கீடு' என்று எழுதிக் கோப்பில் செருகினார். பெரியவரிடம் திரும்பி, "நீங்க கீழ போய்ப் படியேறி வாங்க," என்றார். பெரியவர் போனார்.

பிறகு அவர்களுடைய கோப்பைப் பிரித்தார். அந்தப் பெண் மதிப்பெண் பட்டியலை நீட்டினாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. அம்மாள் அதை வாங்கி, மேஜைவிசிறிக்குத் தாள்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"தந்தையா இருந்ததுக்குத் தொடர்ச்சிச் சான்று?"

"அப்படின்னா?"

"ஒரு வயசு, அஞ்சு வயசு, பத்து, பதினஞ்சு. நாலு வயசுலயும் மகளோட நீங்க நிக்கற ஃபோட்டோ. ஒண்ணு மார்பளவு, மத்ததெல்லாம் முழு உருவம்."

"இல்லைங்க. எனக்குப் பதினேழு நாளைக்கு முன்னாடிதான் தெரியும்."

அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. அதற்கும் அவரிடம் ஒரு படிவம் இருந்தது. "அப்போ இடைவெளி விளக்கக் கடிதம் குடுங்க. பதினேழு வருஷ இடைவெளி, இருநூறு வார்த்தைக்கு மிகாம. காரணம் மட்டும் இந்தப் பட்டியல்லேருந்து எடுக்கணும்."

பட்டியலில் நான்கு காரணங்கள் இருந்தன: வெளிநாட்டுப் பணி, ராணுவ சேவை, நீண்டகால நோய், சிறை.

"இதுல எதுவும் இல்லைங்களே. எனக்குத் தெரியாது, அதான் காரணம்."

"தெரியாதுங்கறது காரணம் இல்லை, அறியாமை. அதுக்கு மதிப்பெண் கிடையாது. ஜெயில்னு போட்டுக்கோங்க. எல்லாரும் அதைத்தான் போடறாங்க. ஜெயில்னா சான்றிதழ் கிடைக்கும், தேதியெல்லாம் சுத்தமா இருக்கும். போன வருஷம் சேர்ந்த ஒரு அப்பா ரொம்ப நல்ல மாதிரி, பன்னண்டு வருஷமும் ஜெயில்ல இருந்ததுக்கு மாசாமாசம் அத்தாட்சி வெச்சிருந்தார்."

லிஃப்ட்காரர் மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். 'ஒரு கடிதம் வந்தது. உடனே போகவில்லை. பயந்தேன்.' இதற்கு மேல் வரவில்லை. எட்டு வார்த்தைகூட ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பேனாவை வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'நீண்டகால நோய்' என்று எழுதினாள்.

"என்ன நோய்னு கேட்டா?" என்றார் அவர்.

"நீங்க எழுதினதுல கடைசி வார்த்தையைக் காட்டலாம்."

கடிதம் ஏற்கப்பட்டது. கவுண்டர் அம்மாள் தந்தையர் பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, மாதத்தின் இரண்டாம் தேதி என்று முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த சத்தத்தில் லிஃப்ட்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வயதுக்கு அவருக்கு யாரும் எதற்கும் முத்திரை குத்திக் கொடுத்ததில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுப் பெற்றோர்களை மட்டும் அரங்கில் உட்காரவைத்தார்கள். முதல்வர் மேடையேறினார். நல்ல உயரம், நல்ல குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் என்றாலும் இரண்டு மைக் வைத்திருந்தார்கள்.

"பெற்றோர்களே! இது ஏன் உயர்ந்த கல்லூரின்னு நிறைய பேர் கேக்கறாங்க. எங்க பேராசிரியர்களாலயா? இல்லை, அதுல பாதிப் பேரை இன்னும் நியமிக்கலை. எங்க நூலகத்தாலயா? அது போன மழையில நனைஞ்சுது, காயப்போட்டிருக்கோம். நாங்க ஏன் உயர்ந்தவங்கன்னா, போன வருஷம் விண்ணப்பிச்ச நூறு பேர்ல தொண்ணூத்தாறு பேரைத் திருப்பி அனுப்பினோம். பத்து வருஷத்துக்கு முன்னாடி வெறும் நாப்பது பேரைத்தான் அனுப்ப முடிஞ்சுது. இருண்ட காலம். வந்தவங்களையெல்லாம் சேர்த்துக்க வேண்டியிருந்தது. சேர்த்ததுக்காக வகுப்பெல்லாம் நடத்த வேண்டியிருந்தது."

அரங்கம் அனுதாபத்தோடு 'ச்சு' கொட்டியது.

"இன்னொண்ணு. நாங்க பிள்ளைகளைச் சேர்க்கறதில்லை, குடும்பங்களைச் சேர்க்கறோம். பிள்ளைங்க வளர்ந்துடுவாங்க, அவங்களை நம்ப முடியாது. அதனால உங்களுக்குத்தான் நேர்காணல். இந்த வருஷ இலக்கு தொண்ணூத்தெட்டு. நீங்க ஒத்துழைச்சா, என் பதவிக் காலம் முடியறதுக்குள்ள நூத்துக்கு நூறு!"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. தங்கள் பிள்ளைதான் அந்தக் கணக்கில் விழப்போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லிஃப்ட்காரரும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

நேர்காணலுக்கு ஐம்பது கேள்விகள் என்றும், எல்லாமே பிள்ளையைப் பற்றியவை என்றும் தெரிந்தது. பெண் ஒரு நோட்டில் தன்னைப் பற்றிய குறிப்புகளை எழுதி எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து அவர் வரும் நேரத்துக்கு அவருடைய அறைக்கு வந்தாள். ஓர் அறை, ஒரு நாற்காலி, ஓர் அடுப்பு. சுவர் முழுக்க வயரிங் வரைபடங்கள். நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம், அவளைப் பாடமாகப் படித்தார்.

"பிடிச்ச பாடம்?" என்று கேட்டார் அவர்.

"கணக்கு."

"பிடிக்காதது?"

"யாராவது தட்டிக் குடுத்துப் பேசறது. சரி, இப்போ நான் கேக்கறேன். செல்லப் பேர்?"

"தெரியலை."

"நேத்தே சொன்னேன். புள்ளி. பிறந்தப்போ அவ்வளவு சின்னதா இருந்தேனாம்."

"புள்ளி," என்றார் அவர். வாய்க்குப் புதிதாக இருந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார்.

"நோய்?" என்றாள் அவள்.

"அஞ்சு வயசுல டைபாய்டு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி."

"எந்த ஆஸ்பத்திரின்னு கேப்பாங்க. ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல இருக்கே, பெரிய ஆஸ்பத்திரி. மூணாவது மாடி."

லிஃப்ட்காரர் நோட்டை மூடினார்.

"என்னாச்சு?"

"அந்த வருஷம் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் எங்க கம்பெனிதான் பாத்துது. நான்தான் போவேன். வாரத்துக்கு ஒரு தடவை."

அடுப்பில் டீ பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுச்சு," என்றாள் கடைசியில்.

அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். திரும்பாமலே கேட்டார்: "அம்மா என்னைப் பத்தி எதுவும் சொல்லுவாங்களா?"

"அது கேள்வித்தாள்ல வராது," என்றாள் புள்ளி. நோட்டை எடுத்து விட்ட இடத்தைத் தேடினாள். தேடிக்கொண்டே, "திட்டினதில்லை," என்றாள்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முதல்வர். லிஃப்ட் குறுக்கீட்டைப் பற்றி முதலில் விசாரித்தார்கள். லிஃப்ட்காரர் இனிமேல் ஓடாத லிஃப்ட் எதையும் ஓட்ட மாட்டேன் என்று உறுதி கொடுத்தார். பிறகு கேள்விகள். பாடம் செய்தது அத்தனையும் மளமளவென்று வந்தது. டைபாய்டு, உடைந்த கை, ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய கோப்பை, வலது காதுக்குப் பின்னால் மச்சம். முதல்வர் கடைசியாகக் கேட்டார்:

"மகளோட மிகப் பெரிய பலவீனம் என்னன்னு நினைக்கறீங்க?"

இது நோட்டில் இல்லை. லிஃப்ட்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டா சார். எல்லாத்தையும் அவளே முடிச்சு, முடியாததுக்கு மட்டும்தான் ஆளைத் தேடுவா. தேடி வந்தாலும் போயிடறேன் போயிடறேன்னு சொல்லிக்கிட்டே நிப்பா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அற்புதம்," என்றார் முதல்வர். "பதினேழு வருஷம் ஒரே வீட்டுல இருந்த அப்பாக்கள்கூட இப்படிச் சொன்னதில்லை. உங்களுக்கு முன்னாடி வந்தவர் மகன்னு எழுதியிருந்த இடத்துல மகளைப் பத்திப் பேசிட்டுப் போனார். அவர் மகனை எடுத்திருக்கோம், அது வேற விஷயம். அவர் எங்க கட்டடக் குழுவுல இருக்கார்."

லிஃப்ட்காரருக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண். புள்ளி வெளியே நின்றாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த மதிப்பெண் பட்டியல் உறையிலேயே இருந்தது.

இருபத்து நான்காம் தேதி முடிவு ஒட்டினார்கள். இரண்டு தாள்கள். 'தேர்ச்சி பெற்ற தந்தையர்' பட்டியலில் லிஃப்ட்காரர்தான் முதலில். 'சேர்க்கப்பட்ட மாணவர்' பட்டியலில் புள்ளியின் பெயர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அவர் பார்த்தார். பிறகு படியேறினார்கள்.

"கணக்குப் பாடத்துக்குப் பொதுப் பட்டியல்ல நாலே இடம்தான்," என்றார் கவுண்டர் அம்மாள். "அது போன வருஷமே நிறைஞ்சுடுச்சு."

"அப்போ எதுக்குங்க இவ்வளவும்?"

"விண்ணப்பமே வாங்காம எப்படிங்க திருப்பி அனுப்பறது?" அம்மாளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. கோப்பைப் புரட்டியவர் நிறுத்தினார். அவருக்கு இரக்கம் இல்லாமலில்லை. அலுவலக நேரத்தில் அதை எடுக்க அனுமதி இல்லை, அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தினார். "பாவமா இருக்கு. நீங்க வராமலே இருந்திருக்கலாம். தந்தையற்றோர் ஒதுக்கீடுன்னு ஒண்ணு இருக்கு. மூணு இடம். மூணுமே காலி."

புள்ளி கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முதல் நாள் வந்தப்போ எனக்கு அப்பா இல்லைன்னுதானே சொன்னேன். ஏன் சொல்லலை?"

"அது ரகசிய ஒதுக்கீடும்மா. தெரிஞ்சா எல்லாரும் விண்ணப்பிச்சுடுவாங்களே."

லிஃப்ட்காரர் கேட்டார்: "இப்போ நான் இவளுக்கு அப்பா இல்லைன்னு எழுதிக் குடுத்தா?"

அம்மாள் இழுப்பறையைத் திறந்தார். இருந்தது. தந்தைமை விலகல் படிவம், இரண்டு பக்கம். ஒரு பக்கம் அவர் கையெழுத்து, மறுபக்கம் அவளுடையது. "போட்டதும் நகலைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிடுவோம். அதுக்கப்புறம் இவர் உனக்கு யாரும் இல்லை. எங்கயும் காட்ட முடியாது. அதுல நாங்க ரொம்ப ஒழுங்கு."

இருவரும் படிக்கட்டுத் திருப்பத்துக்கு வந்து நின்றார்கள். பெற்றோர்கள் மூச்சு வாங்க அவர்களைக் கடந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"போட்டுடலாம் புள்ளி. இத்தனை வருஷத்துல உனக்குன்னு நான் ஒண்ணுமே செய்யலை. இதையாவது செய்யறேன். நான் இல்லாம இருக்கறது உனக்குப் பழக்கம்தானே?"

"பழக்கமாத்தான் இருந்தது," என்றாள் அவள். "இந்த மாசம்தான் விட்டுப்போச்சு."

அவர் படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மறுபக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். அவள் கிழித்துப் போடுவாள் என்று அவருக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் ஆசை இருந்தது. அதை வெளியே காட்டவில்லை. அவளுக்குக் கணக்குப் படிக்க வேண்டும். அந்த ஊர் சுற்றுவட்டாரத்தில் விடுதியோடு கணக்குப் பாடம் இருந்தது இங்கே மட்டும்தான். அதை விட்டால் பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்த்துவிடுவதாகப் பெரியப்பா பேசி வைத்திருந்தார். அவள் பேனாவை வாங்கினாள். சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டதால் எழுத்து கோணலாக விழுந்தது. அம்மாள் ஏற்றுக்கொள்வாரா என்று கவலைப்பட்டாள். அம்மாள் ஏற்றுக்கொண்டார்.

கோப்பு முதல்வரின் அறைக்குப் போனது. முக்கால் மணி நேரம் கழித்து அவர்களையே கூப்பிட்டார்கள்.

முதல்வர் வருத்தமான முகத்தோடு இருந்தார். அந்த முகம் மேஜைமேல் இருந்த பூச்சாடி மாதிரி எப்போதும் தயாராக அங்கேயே இருந்தது. "உக்காருங்க. பெரிய மனசு உங்களுக்கு. மகளுக்காகத் தந்தைமையையே விட்டுக் குடுக்கறது சாதாரணமில்லை. பெற்றோர் கூட்டத்துல இதை ஒரு உதாரணமா சொல்லப் போறேன், பேரைச் சொல்லாம. ஆனா ஒரு சின்னச் சிக்கல். தந்தையற்றோர் ஒதுக்கீட்டுக்குத் தொடர்ந்து தந்தை இல்லாம இருந்திருக்கணும். இந்தப் பெண்ணுக்கு இந்த மாசம் ரெண்டாம் தேதிலேருந்து இன்னி வரைக்கும் தந்தை இருந்திருக்கார். இருபத்து மூணு நாள். அதுவும் லேசுப்பட்ட தந்தையா இருந்தாலும் கண்ணை மூடிக்கலாம். தொண்ணூத்து நாலு மதிப்பெண் வாங்கின தந்தை. தொடர்ச்சி அறுந்துபோச்சே!"

"இடைவெளி விளக்கக் கடிதம் குடுக்கறேன்," என்றாள் புள்ளி. "இருநூறு வார்த்தைக்கு மிகாம."

"அது அப்பா இல்லாத இடைவெளிக்கும்மா. அப்பா இருந்த இடைவெளிக்குப் படிவமே இல்லை."

"அப்போ இதை ரத்து பண்ணிடுங்க சார்," என்றார் லிஃப்ட்காரர். "இடம் வேண்டாம். நான் போட்ட கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க."

முதல்வருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. "என்ன சார் பேசறீங்க? நினைச்சா வரதும் நினைச்சா போறதும், இது என்ன லிஃப்டா? குடும்பம் சார். அதோட புனிதத்தைக் காப்பாத்தத்தான் நாங்க இங்க உக்காந்திருக்கோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு எழுந்து கை கொடுத்தார். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. உங்க முயற்சி வீண் போகலை. இவ பேரைப் பொதுவுல ஒரு தடவை, ஒதுக்கீட்டுல ஒரு தடவைன்னு ரெண்டு தடவை நிராகரிச்சிருக்கோம். இலக்கைத் தாண்டிட்டோம்."

அவர்கள் வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் இருந்தது, உட்காரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று லிஃப்ட்காரர் சொல்ல வாயெடுத்தார். அடுத்த வருஷத்துக்கான இடங்கள் இந்நேரம் நிறைந்திருக்கும் என்று தோன்றவே வாயை மூடிக்கொண்டார்.

"பெரியம்மா வீட்டுக்கு வராதீங்க," என்றாள் புள்ளி. "நான் உங்களைத் தேடி வந்தது அவங்களுக்குத் தெரியாது."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

பார்சல் கிடங்கு ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஜன்னல் இல்லாத நீளமான தகரக் கொட்டகை. அவள் அங்கே சேர்ந்து நாலு மாதம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதற்கு மேல் இருக்க முடியாமல் லிஃப்ட்காரர் போனார். காவலாளி நோட்டை நீட்டினார்.

"யாரைப் பாக்கணும்? என்ன உறவு?"

"எழுத்துப்படி எதுவும் இல்லைங்க," என்றார் அவர். பொய் சொல்ல வரவில்லை.

"எதுவும் இல்லைன்னா உள்ள விட முடியாது. வீட்டு ஆளுங்கன்னாதான்."

அவர் வெளியிலேயே வெயிலில் நின்றார். சாப்பாட்டு மணி அடித்ததும் சாம்பல் நிறச் சட்டை போட்ட பெண்கள் கும்பலாக வந்தார்கள். கும்பலில் அவளை முதலில் அடையாளம் தெரியவில்லை; இளைத்திருந்தாள். விரல்களில் ஒட்டு நாடாவின் பிசுக்கு. அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும்.

"எங்க அப்பாண்ணே," என்றாள் காவலாளியிடம். "கொஞ்சம் அப்படித்தான் பேசுவார். விடுங்க."

சுவரோரம் நிழல் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர் வாங்கி வந்த பன்னைப் பிரித்தார். அவள் பாதி தின்றாள்.

"கணக்குப் புத்தகம் ஏதாவது கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். படுத்தா எழுந்திருக்கத்தான் நேரம் இருக்கு. கணக்குன்னா, ஒரு நாளைக்கு எத்தனை பார்சல்னு எண்ணறதோட சரி."

அவர் தலையாட்டினார். படித்து வைத்திருந்த ஐம்பது கேள்விகளில் ஒன்றுகூட இந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்றாள் அவள். "கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன். எழுப்பி விடுங்க. ஒரு நிமிஷம் லேட்டானாலும் பாதி நாள் கூலியைப் பிடிச்சுடுவாங்க."

சொல்லி முடிப்பதற்குள் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயில் நகர்ந்து அவள் முகத்துக்கு வந்தபோது லிஃப்ட்காரர் எழுந்து அந்தப் பக்கமாகப் போய் நின்று மறைத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.